மிகையூட்டு எஞ்சினும் முசலத் தேர்வும்

மன்னார்த் தீவு கடலையும் பொறியையும் நம்பி வாழும் நிலம். 1914ஆம் ஆண்டு தலைமன்னார்த் துறைவரை புகையிரதப் பாதை திறக்கப்பட்ட காலத்திலிருந்து நீராவிப் பொறியும், பின்னர் டீசல் எஞ்சினும் அங்குள்ளோர்க்குப் பழக்கமாயின. இன்று பேசாலை, வங்காலை, விடத்தல்தீவு முதலிய கரைகளிலிருந்து புறப்படும் படகுகளுட் பெரும்பாலானவை எஞ்சின் வலுவாலேயே கடலோடுகின்றன. அவ்வெஞ்சினின் உருளைக்குள் மேலுங் கீழுமாக இயங்கி, எரியும் வாயுவின் தாக்குதலை முதலில் ஏற்கும் உறுப்பு முசலமாகும். பட்டறையில் அதனைப் பிஸ்டன் என்பர். எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க முனைவோர், வார்ப்பு முசலம் வேண்டுமா, அடித்துருவாக்கிய முசலம் வேண்டுமா என்று வினவுவது வழக்கம். பின்னதே எக்காலும் சிறந்தது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அஃது எத்துணை பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

மிகையூட்டல் யாது?

சாதாரண எஞ்சின் வளிமண்டல அமுக்கத்தில் உள்ள காற்றையே உள்ளிழுக்கின்றது. டர்போ முதலிய கருவிகள் காற்றை நெருக்கி உட்செலுத்துகின்றன. காற்றின் அமுக்கம் இரு மடங்காயின், அது மீண்டும் குளிர்விக்கப்படுமிடத்து, அதே உருளையில் ஏறத்தாழ இரு மடங்கு காற்று நிறையும், அதற்கேற்ப எரிபொருளும் கூடும், ஆற்றல் பெருகும். ஆயின் ஆற்றலோடு வெப்பமும் அமுக்கமும் பெருகுகின்றன. எரிவாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசைக் கடக்கும். அலுமினியமோ 660 பாகையில் உருகுவது. 250 பாகையை அணுகும்போதே அதன் கலப்புலோகங்கள் வலிமை குன்றத் தொடங்கும். உருளைச் சுவரும், எண்ணெயும், குளிர்நீரும் வெப்பத்தை இடையறாது கடத்திச் செல்வதனாலேயே முசலம் பிழைத்திருக்கின்றது.

வார்ப்பும் அடிப்பும்

உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி ஆறவிடுவது வார்ப்பு. ஆறும்போது நுண்ணிய துளைகள் உள்ளே தங்குதல் கூடும். சூடாக்கிய திண்ம உலோகத்தைப் பேரழுத்தத்தால் அச்சுள் நெருக்கி உருவாக்குவது அடிப்பு. இதில் துளைகள் நெரிந்து மறைகின்றன. உலோகத்தின் மணிகள் உருவத்தை ஒட்டி ஓடுகின்றன. ஆதலின் அடித்த முசலம் பேரழுத்தத்தை நெடுநாள் தாங்கும். பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் முறைதவறி வெடிக்கும் வேளையில் வார்ப்பு முசலம் நொறுங்க, அடித்தது பெரும்பாலும் நெளிவதோடு நிற்கும்.

ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. முசலக் கலவையில் சிலிக்கன் சேர்ப்பது வெப்ப விரிவைக் குறைத்துத் தேய்வைத் தடுக்கும். ஆனால் உலோகத்தை நொறுங்குந் தன்மையதாக்கும். 4032 என்னும் அடிப்புக் கலவையில் ஏறத்தாழ 12 வீதம் சிலிக்கன் உண்டு. 2618 என்னும் கலவையில் அது மிகச் சிறிதே. அதனால் அது நெகிழ்வும் உறுதியும் கூடியது, விரிவும் கூடியது. 100 மில்லிமீற்றர் விட்டமுடைய முசலம் 100 பாகை சூடேறினால், 2618 ஏறத்தாழ 0.22 மில்லிமீற்றரும், 4032 ஏறத்தாழ 0.19 மில்லிமீற்றரும் விரியும். வார்ப்பிரும்பு உருளையோ அவ்வளவு சூட்டுக்கு 0.11 மில்லிமீற்றரே விரியும். ஆகவே 2618 முசலத்துக்குக் குளிர்நிலையில் கூடிய இடைவெளி விடல் வேண்டும். எஞ்சின் சூடேறும்வரை முசலம் உருளையில் மோதி ஒலிக்கும். எண்ணெயும் சற்று மிகுதியாகச் செலவாகும். இடைவெளி போதாதாயின் முசலம் உருளையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

வரலாறு காட்டும் சான்றுகள்

1942 ஏப்ரில் மாதம் கொழும்பையும் திருகோணமலையையும் காத்து நின்ற ஹரிக்கேன் வானூர்திகளின் மெர்லின் எஞ்சின் மிகையூட்டம் பெற்றது. அதன் முசலங்கள் ஆர்.ஆர்.59 என்னும் அலுமினியக் கலவையில் அடித்துருவாக்கப்பட்டவை. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஆர்.ஆர்.58 கலவையே 2618 என வழங்குவது. கொன்கோட் வானூர்தியின் உடலும் அதனால் அமைந்தது. எடை குறைந்து வலிமை கூடவேண்டிய இடத்தில் அடிப்பு முறை தன் தகுதியை நிலைநாட்டியது.

இதற்கு மாறான சான்று இலங்கைப் புகையிரதத்தில் உண்டு. 1954 முதல் கனடாவின் உதவியாக வந்த எம்2 வகை எஞ்சின்கள் ஈரடிப்பு டீசல்கள். 12 உருளைகளும் 1425 பரிவலுவும் உடையவை. அவற்றில் ஊதுகருவி உண்டு. எனினும் அதன் முதன்மைப் பணி எரிந்த வாயுவை வெளியேற்றிப் புதுக்காற்றை நிரப்புவதே. முசலங்களோ வார்ப்பிரும்பால் ஆனவை. நிமிடத்துக்கு 835 சுழற்சியே உச்சமாதலின் முசலத்தின் பாரம் தீங்கு செய்யவில்லை; உட்புறம் எண்ணெயால் குளிர்விக்கப்பட்டது. அவ்வெஞ்சின்களுள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவை உள. டர்போ பூட்டிய அல்கோ 251 என்னும் நான்கடிப்பு எஞ்சினின் ஆற்றலை உயர்த்திய காலத்திலோ, உருக்குத் தலையும் அலுமினிய உடலும் பொருத்திய இருகூற்று முசலம் கையாளப்பட்டது. வேகமும் வெப்பமும் வேறுபட, முசலமும் வேறுபட்டது.

கடலோடும் எஞ்சினுக்கு ஏற்றது

டர்போ டீசல்கள் பலவற்றில் இன்றும் வார்ப்பு அலுமினிய முசலமே உள்ளது. மேல்வளையம் அமரும் பள்ளத்தில் நிக்கல் கலந்த இரும்புப் பட்டை பதிக்கப்படுகின்றது. தலையினுள்ளே எண்ணெய் ஓடும் குளிர்வழி அமைக்கப்படுகின்றது. இத்தகைய உட்குழியை வார்ப்பில் அமைத்தல் எளிது. அதனை நீக்கி, குளிர்வழியற்ற அடித்த முசலத்தை இடுவோர் வலிமையைப் பெற்றுக் குளிர்ச்சியை இழப்பர்.

எனவே தேர்வோர் முதலில் நான்கினை வரையறுத்தல் வேண்டும்: காற்றின் அமுக்கம் எவ்வளவு, எரிபொருள் பெற்றோலா டீசலா, சுழற்சி வேகம் யாது, வெப்பம் வெளியேறும் வழி யாது. மிதமான மிகையூட்டத்தோடு நாள்தோறும் உழைக்கும் பெற்றோல் எஞ்சினுக்கு 4032 பொருந்தும். பேரழுத்தத்தோடு பந்தயத்தில் ஓடி, அடிக்கடி கழற்றிப் பார்க்கப்படுவதற்கு 2618 பொருந்தும். முசலத் தலையின் வடிவால் நெருக்க விகிதம் மாறுவதையும், வளையங்களின் வாய்இடைவெளி சூட்டுக்கேற்ப அகலவேண்டுவதையும் கருதல் வேண்டும். இணைப்புத் தண்டும், தாங்கிகளும், தலைமூடியின் அடைப்புத் தகடும் பழைய வலிமையினவாயிருக்க, முசலம் மட்டும் வலுப்பெற்றுப் பயனில்லை.

இவ்வாராய்ச்சி மன்னார்க் கரையில் ஏட்டளவில் நிற்பதன்று. கடல்நீரால் குளிரும் எஞ்சினின் நீர்வழியை மணலோ பாசியோ அடைத்தால் எந்த முசலமும் சில நிமிடங்களில் இறுகும். எஞ்சின் நின்ற படகு சோளகத்துக்கும் நீரோட்டத்துக்கும் வசப்படும். 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட கடலெல்லை அப்பால் உள்ளது. அதனைக் கடந்து மிதக்கும் படகினர் உயிரச்சத்தோடு சிறையச்சத்தையும் சுமப்பர். அத்தகைய எஞ்சினுக்கு உச்ச ஆற்றலைவிட, ஆக்கியோன் வகுத்த அளவும், தூய குளிர்நீரும், அண்மையில் கிடைக்கும் மாற்றுறுப்புமே மேலானவை. அடித்த முசலம் சிறந்ததே. ஆனால் அதன் சிறப்பு அதனை வேண்டிநிற்கும் எஞ்சினில்தான் விளங்கும்.