கணிப்பொறிக்கு நீர்க்குளிர்ச்சி

மண்பானையில் ஊற்றி வைத்த நீர் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருப்பதை நாம் சிறு வயது முதலே கண்டிருக்கிறோம். டில்லி, நாகபுரி, ஜெய்ப்பூர் முதலிய நகரங்களில் குடியேறிய பின்னர், ஜன்னலில் பொருத்தும் ஏர் கூலரும் நமக்குப் பழகிப்போயிற்று. ஆதலின், வீட்டுக் கணிப்பொறியையும் நீரால் குளிர்விக்கும் சாதனம் கடையில் கிடைக்கிறதென்று கேள்வியுற்றால், அதுவும் இவ்விரண்டின் இனத்தைச் சேர்ந்ததே என்று கருதுவது இயல்பு. அக்கருத்து தவறானது. இதைத் தெளிந்துகொள்ளாமல் கடைக்குச் செல்பவர், தேவையற்ற பொருளைப் பெருவிலை கொடுத்து வாங்கி வர நேரும்.

பானையும் ஏர் கூலரும் குளிர்ச்சி தருவது நீர் ஆவியாக மாறுவதால். ஆவியாகும் நீர் தன்னுடன் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. எனவே சுற்றியுள்ள காற்றைவிடப் பானை நீர் குளிர்ந்துவிடுகிறது. கணிப்பொறியிலோ நீர் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது. ஆவியாவதற்கு அதற்கு வழியில்லை. பிராசசரின் மேல் அழுந்த அமர்ந்திருக்கும் செப்புத் தகட்டிலிருந்து நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பம்பு அந்நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளினூடே மின்விசிறிகள் அறைக்காற்றைச் செலுத்த, நீர் தன் சுமையை அக்காற்றிடம் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. மோட்டார் காரின் முன்புறத்தில் நடைபெறுவதும் இதுவே. இங்கே நீர் செய்யும் வேலை குளிர்வித்தல் அன்று, சுமத்தல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, 'நீர்க்குளிர்ச்சி' என்னும் பெயரே பாதி மயக்கத்துக்குக் காரணம் என்று தோன்றுவதுண்டு.

அறைக்காற்று எவ்வளவு சூடாயிருக்கிறதோ, அதற்குக் கீழே இந்நீர் ஒருநாளும் இறங்காது. டில்லியில் ஜூன் மாதம் மொட்டை மாடியை ஒட்டிய அறையொன்றில் 38 டிகிரி வெப்பம் இருப்பதாகக் கொள்வோம். கடும் வேலையின்போது நீர் அதைவிடப் பத்து டிகிரி ஏறி 48-இல் நிற்குமானால், பிராசசர் நீரைவிட முப்பது டிகிரி ஏறி 78-ஐ எட்டும். ஜனவரியில் அதே அறை 15 டிகிரிக்கு இறங்கினால், அதே வேலையைச் செய்யும் அதே யந்திரம் 55 டிகிரிதான் காட்டும். வேறுபாடு அறையினுடையது, சாதனத்தினுடையது அன்று. வெளிநாட்டார் வெளியிடும் சோதனைக் கணக்குகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் படிக்கும்போது நம் அறையின் மிகுதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மேலும், யந்திரம் உண்ணும் மின்சாரம் முழுவதும் முடிவில் அறைக்குள்ளேயே வெப்பமாக இறங்குகிறது. 500 வாட் உண்ணும் கணிப்பொறி, அரைக் கிலோவாட் ஹீட்டரை அறையில் எரியவிட்டதற்குச் சமம். அவ்வெப்பத்தை வெளியேற்ற வல்லவை இரவில் திறந்த ஜன்னலும், எக்ஸாஸ்ட் ஃபேனும், வசதியுள்ளோர்க்கு ஏர் கண்டிஷனரும்தாம். ஏர் கூலரின் காற்று அறையில் பரவுவது கணிப்பொறிக்கும் நன்மையே. நீர்த்திவலை நேரே தெறிக்கும் இடத்தில் மட்டும் அதை வைத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் நீரால் என்ன பயன்? கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால், நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்றுக்கொள்ள வல்லது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஓடும் நீர், 200 வாட் வெப்பத்தைச் சுமந்தும் மூன்று டிகிரி அளவே சூடேறுகிறது. விரல்நுனியளவு இடத்தில் பிறக்கும் வெப்பத்தை விரைவில் அப்புறப்படுத்தி, அகன்ற ரேடியேட்டரில் பரப்பிவிட இக்குணம் உதவுகிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1980-இல் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறிக்கு நீரை நாடியதும் இது பற்றியே.

ஆனால் எல்லா வீட்டுக் கணிப்பொறிக்கும் இது வேண்டுவதில்லை. 65 வாட் வகைப் பிராசசர்கள் பலவற்றுக்கு உடன் வரும் சிறு விசிறியே போதும். அதற்கு மேற்பட்டவற்றுக்கும் இரட்டைக் கோபுர ஹீட்சிங்க் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். அதன் செப்புக் குழாய்களுக்குள்ளும் சிறிதளவு நீர் அடைபட்டு, ஆவியாகியும் மீண்டும் நீராகியும் வேலை செய்கிறது என்பதைப் பலர் அறியார்! இன்டெல் ஐ9-14900கே போன்று உச்சநிலையில் 253 வாட் உண்ணும் பிராசசரை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுவோர்க்கே நீர் உண்மையில் கைகொடுக்கும். ஏ.எம்.டி. ரைசன் 9 7950எக்ஸ், கடும் வேலையில் 95 டிகிரி வரை ஏறும்படியே அமைக்கப்பட்டது. அவ்வெண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிராசசருக்கு மட்டும் பொருத்தும் நீர்ச்சாதனம் கிராபிக்ஸ் கார்டைக் குளிர்விக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் டில்லியில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துப் பிழைப்பவர். ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவதும் அவ்வருவாயிலிருந்தே. கோடை பிறந்ததும் யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்க, விடியுமுன் முடிய வேண்டிய வேலை பகல் வரை நீண்டது. இரு வாடிக்கைக்காரர்கள் கைநழுவிப் போயினர். அவர் நேரு பிளேஸ் கடையொன்றிலிருந்து, பளபளக்கும் குழாய்களும் வண்ண நீரும் கொண்ட பெரிய அமைப்புக்குக் கொட்டேஷன் வாங்கி வந்தார். கேபினெட்டைத் திறந்து பார்த்தோம். முன்புறத் தூசிவலை கம்பளி விரித்தாற்போல் அடைத்திருந்தது. அதை நீக்கி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது இட்டதும் குறையில் பாதி தீர்ந்தது. எஞ்சிய பாதிக்கு அவர் வாங்கியது 240 மி.மீ. அளவுள்ள, ஆலையிலேயே நீர் நிரப்பி மூடப்பட்ட சாதனம். மிச்சமான பணத்தில் அறைக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் வந்தது.

முதன்முறை வாங்குவோர்க்கு இந்த மூடிய வகையையே நாம் பரிந்துரைப்போம். கடைக்காரர்கள் இதனை ஏ.ஐ.ஓ. என்பர். 120 மி.மீ. அளவில் வாங்குவதைவிட நல்ல ஹீட்சிங்க் மேல். 240 பெரும்பாலோர்க்குப் போதும்; மேற்சொன்ன 253 வாட் வகைக்கு 360 வேண்டும். ரேடியேட்டர் பெரும்பாலும் 27 மி.மீ. தடிப்பும், விசிறி 25 மி.மீ. தடிப்பும் உடையவை. ஆக 52 மி.மீ. இடம் கேபினெட்டின் மேற்புறத்தில் உண்டா என்று அளந்து பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். ஏ.எம்.5, எல்.ஜி.ஏ. 1700 என நம் மதர்போர்டுக்குரிய பொருத்துச் சட்டம் பெட்டியில் உள்ளதா என்பதையும் கேட்டறிக. பொருத்தும்போது சுற்றின் உச்சியில் பம்பு அமையலாகாது. உள்ளே சிறிது காற்று எப்போதும் இருக்கும்; அது ரேடியேட்டரின் மேல்முனையில் தங்க வேண்டுமேயன்றிப் பம்பில் சேரக் கூடாது.

பம்பு, தொட்டி, குழாய் அனைத்தையும் தனித்தனியே வாங்கி நாமே இணைக்கும் திறந்த அமைப்பு பல மடங்கு விலையுடையது. அழகில் குறைவில்லை; ஆனால் அதற்குப் பணிவிடை செய்யும் பொறுமை வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் கலந்து நின்றால் அலுமினியம் அரிக்கப்படும். ஆதலால் உலோகங்களைக் கலத்தல் ஆகாது. குழாய் நீர் கூடாது, ஆர்.ஓ. நீரிலும் உப்பு எஞ்சியிருக்கும். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரையும் தனியே நம்புவதற்கில்லை. பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து சேர்ந்த கூலண்ட்டையே வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வடித்து மாற்றுவது நன்று. முதல் நிரப்பலின்போது மதர்போர்டுக்கு மின்சாரம் கொடாமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, இணைப்புகளின் கீழ் வெள்ளைத் தாளை விரித்துக் கசிவு பார்ப்பது வழக்கம்.

நம்மில் பலர் மாற்றலாகி ஊர் ஊராகச் செல்பவர்கள். திறந்த அமைப்பை ரயிலேற்றுமுன் நீரை முற்றிலும் வடித்துவிட வேண்டும். கிலோ எடையுள்ள ஹீட்சிங்க்கையும் கழற்றித் தனியே கட்டுதல் அவசியம். குலுக்கலில் மதர்போர்டு வளையக்கூடும். மூடிய சாதனம் உள்ள கேபினெட்டைக் கழற்றாமலே நிமிர்த்திக் கொண்டுபோகலாம். அதன் உத்தரவாதம் பெரும்பாலும் 5 அல்லது 6 ஆண்டுகள். நேரு பிளேஸில் வாங்கியதற்குப் பம்பாயிலோ கல்கத்தாவிலோ ஈடு கேட்க நேரலாம். ஆகவே பில்லையும், வரிசை எண் அச்சிட்ட பெட்டியையும் மற்றச் சாமான்களுடன் சேர்த்துக் கட்டிவிடாமல் கைப்பெட்டியில் வைத்துக்கொள்க.