கிடையோடு நகரும் குடும்பங்கள்

அறுவடை முடிந்த வயலில் இரவெல்லாம் செம்மறி ஆடுகளை அடைத்து, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும்படி செய்வதுதான் கிடை போடுதல். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் கிடைக்காரர்கள். பெரும்பாலும் கோனார் சமூகத்தினர். ஆண்டில் பல மாதங்கள் இவர்களுக்கு வீடு என்பது அன்றைக்கு ஆடு அடையும் வயல்தான். பாய், பாத்திரம், அரிசி, மருந்து எல்லாம் மந்தையோடு கூடவே போகும்.

இவர்களுடைய பயணத்தை வகுப்பது பயிர்க்காலம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடு மழையை நம்பியது. கோடையில் அங்கே புல் கருகிவிடும். அதே வேளையில் தாமிரபரணிப் பாசனத்தில் மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிகிறது. அடுத்த போகமான கார் நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறக்கும்வரை வயல்கள் சும்மா கிடக்கும். அறுத்த தாள், சிந்திய நெல், வரப்புப் புல் எல்லாம் ஆட்டுக்குத் தீனி. மேலப்பாளையம் வழியாக ஓடும் பாளையங்கால்வாய் போன்ற கால்வாய்களையும் குளங்களையும் ஒட்டி மந்தைகள் நகர்வது இந்த மாதங்களில்தான். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் தேடித் திரும்பிவிடுகிறார்கள்.

காலையில் கிடையை அவசரப்பட்டுத் திறப்பதில்லை. பனி ஈரத்தோடு புல்லை மேய்ந்தால் ஆட்டுக்கு ஆகாது என்பதால், வெயில் ஏறிய பிறகே மேய்ச்சல். அதற்கு முன் குட்டிகளைத் தாயிடம் பால் குடிக்க விடுவார்கள். பிறகு குட்டிகள் மூங்கில் கூடுகளுக்குள் போய்விடும். ஒருவர் அங்கேயே தங்கிச் சமைப்பார்; மற்றவர்கள் கம்பும் தொரட்டியும் தூக்குச்சட்டியில் கஞ்சியுமாக மந்தையின் பின்னே நடப்பார்கள். உச்சி வெயிலில் மர நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் ஆடுகளை அமர்த்துவார்கள். பொழுது சாயத் திரும்பி வந்து வலை கட்டி அடைப்பார்கள். மூங்கில் தட்டி இருந்த இடத்தை இன்று நைலான் வலை பிடித்துக்கொண்டது. நரி, தெருநாய், திருடர் பயத்தால் இரவில் முறை வைத்துக் காவல் உண்டு. உரம் வயல் முழுக்கச் சமமாக விழ, மறுநாள் அடைப்பை அடுத்த இடத்துக்கு மாற்றுவார்கள்.

கிடைக் கூலி ஆட்டுக் கணக்கிலும் இரவுக் கணக்கிலும் பேசப்படுகிறது. முன்பு நெல்லாக அளந்தார்கள். இப்போது பெரும்பாலும் பணம். விவசாயிக்கும் இதில் நல்ல லாபம். தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 விழுக்காடுதான், ஆட்டு எருவில் அது 3 விழுக்காடு வரை இருக்கிறது. வண்டி வைத்து எரு அடிக்கும் செலவு இல்லை. மூத்திரமும் வீணாகாமல் நேரே மண்ணில் இறங்குகிறது.

இந்த நடைக்கு ஏற்ற ஆடுகளையும் இதே மண் வளர்த்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூரின் பெயர் தாங்கிய ஆடு வெள்ளை உடம்பில் செம்புள்ளி கொண்டது. அதனால் பொட்டு ஆடு என்பார்கள். கீழக்கரிசல் ஆடு கருஞ்சிவப்பு. இரண்டுக்கும் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். அதனால் வெயிலைத் தாங்கி நெடுந்தூரம் நடக்கின்றன. கிடைக் கூலி அன்றாடச் செலவுக்கு உதவும். பெரிய வருமானம் கிடாய்களை விற்பதில்தான். செவ்வாய்தோறும் கூடும் மேலப்பாளையம் சந்தை அதற்கு முக்கியமான இடம். பக்ரீத்துக்கு முந்திய வாரங்களில் அங்கே கூட்டம் நெரியும்.

ஆனால் கிடை போகும் வழி குறுகி வருகிறது. வயல்கள் மனைகளாகின்றன. ஆண்டு முழுவதும் நிற்கும் வாழை, இரு போகத்துக்கு நடுவே இருந்த மேய்ச்சல் காலத்தை இல்லாமல் ஆக்குகிறது. நான்குவழிச் சாலையை மந்தையோடு கடப்பது உயிருக்கு ஆபத்து. வடகிழக்குப் பருவமழையில் நீலநாக்கு நோய் வந்தால் மந்தையே சரியும். ஊர் ஊராக நகரும் குடும்பத்துப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுத்தான் படிக்க வைக்க வேண்டியிருக்கிறது. படித்த பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குத் திரும்புவது அரிது.

கரிசல் மண்ணின் இந்த வாழ்க்கையைக் கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற குறுநாவலாக எழுதினார். அதைத் தழுவி 2003இல் ‘ஒருத்தி’ திரைப்படம் வந்தது. உலக அளவிலும் இத்தகைய மேய்ச்சல் வாழ்க்கை கவனம் பெறுகிறது: ஆஸ்திரியா, கிரேக்கம், இத்தாலி நாடுகளில் பருவந்தோறும் மந்தை ஓட்டிச் செல்லும் வழக்கத்தை யுனெஸ்கோ 2019இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக 2026ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது.

நம் கிடைக்காரர்களுக்கு வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. குளத்துப் புறம்போக்கு ஆக்கிரமிக்கப்படாமல் இருக்க வேண்டும். மழைக்கு முன்பே தடுப்பூசி மந்தை நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். நிலம் வைத்திருப்பவர்கள் கார் நடவுக்கு முன் நான்கு இரவாவது தங்கள் வயலில் கிடை போடச் சொல்ல வேண்டும். மண்ணும் தேறும், ஒரு குடும்பமும் பிழைக்கும்.