குலமுறை கிளத்தல்

விடுமுறைக் காலத்தில் தம் ஊருக்குச் சென்று, பாட்டனார், முப்பாட்டனார் முதலியோர் பெயர்களைத் திரட்டி வரும் மாணவர் சிலர் நம்மிடையே உளர். ஓலைச் சுருணைகளையும் கிரயப் பத்திரங்களையும் புரட்டி, முதியோரை வினவி, ஆறேழு தலைமுறைகளை ஒரு தாளில் எழுதி முடித்ததும் அவர்க்கு ஓர் ஆவல் பிறக்கிறது. இதனைச் செய்யுளாக்கினால் என்ன என்பதே அது. ஆவல் நல்லதே. ஆயினும் பெயர்களை வரிசையாக யாப்பில் அடைத்துவிட்டால் எஞ்சுவது எதுகை மோனை பூட்டிய அட்டவணையேயன்றிப் பாட்டாகாது. பெயர் வரிசை பாட்டாவது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இத்தொழில் தமிழுக்குப் புதிதன்று. விசுவாமித்திரர் சனகனுக்கு இராமன் குலத்தை எடுத்துரைப்பதாகக் கம்பர் அமைத்த பகுதிக்குக் குலமுறை கிளத்து படலம் என்றே பெயர். எனினும் நமக்கு மிகுதியும் பயன்படுவன வேறிரண்டு. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் ஒன்று. செயங்கொண்டாரது கலிங்கத்துப்பரணி மற்றொன்று.

பதிற்றுப்பத்துள் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. எஞ்சிய எட்டினையும் உ. வே. சாமிநாதையர் 1904-ஆம் ஆண்டில் அச்சிட்டு உதவினார். ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் பதிகம் ஒன்று உண்டு. இப்பதிகங்கள் பாட்டுக்களுக்குப் பிற்பட்ட காலத்தன என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அங்ஙனமாயின், பதிகம் இயற்றியவரும் பழஞ்செய்திகளைத் தேடித் திரட்டிய ஒருவரேயாவர். நம் மாணவரின் முன்னோர் எனலாம்! அவர் பொறுக்கி எடுத்தவை மிகச் சில: தந்தை பெயர், தாய் பெயர், வேந்தன் ஆற்றிய அருஞ்செயல்கள், பாடிய புலவர், அவர் பெற்ற பரிசில், வேந்தன் வீற்றிருந்த யாண்டு. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் உதியஞ்சேரலுக்கு வெளியன் வேண்மாள் நல்லினி ஈன்ற மகன் என்பதும், அவனைப் பாடிய குமட்டூர்க் கண்ணனார் 500 ஊர்களைப் பெற்றார் என்பதும், அவன் 58 ஆண்டுகள் ஆண்டான் என்பதும் இவ்வாறு நமக்குக் கிடைத்தவையே.

எட்டாம் பத்தின் பதிகத்தை மட்டும் சற்று நின்று நோக்குவோம். தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, தன்னைப் பாடிய அரிசில்கிழார்க்குக் காணம் ஒன்பது நூறாயிரத்தோடு அரசுகட்டிலையும் அளித்து, தானும் தேவியும் அரண்மனைக்குப் புறத்தே வந்து நின்றனர் என்றும், புலவரோ அவ்வரசினை அவனையே ஆளும்படி வேண்டி, அமைச்சுரிமையை மட்டும் ஏற்றார் என்றும் அது கூறுகிறது. கொடைவள்ளல், வீரன், அறவோன் என்று பத்து அடைமொழிகளை அடுக்கினாலும், வாயிலுக்கு வெளியே நிற்கும் அவ்விருவரையும் போல அவை நம் கண்முன் நிற்பதில்லை. ஒரு முன்னோர்க்கு ஒரு செயல். அச்செயலும் வேறெவர்க்கும் பொருந்தாத செயலாதல் வேண்டும். எல்லாப் பாட்டனார்க்கும் பொருந்தும் புகழ்ச்சி எவர்க்கும் உரியதாகாது.

செயங்கொண்டார் இம்முறையை இன்னும் நுணுக்கமாகக் கையாள்கிறார். அவர் நூலில் இராச பாரம்பரியம் என்னும் பகுதி சோழர் வமிசத்தைக் கூறுகிறது. அதனைக் கூறுவது யார்? இமயத்தினின்று வந்த முதுபேய் ஒன்று. நாரதர் உரைக்கக் கரிகாலன் இமயத்தில் பொறித்து வைத்ததனைத் தான் கண்டு வந்ததாக அது காளிதேவியிடம் சொல்கிறது. வறண்ட வமிசாவளியை ஒரு பேயின் வாயில் வைத்த துணிவை என்னென்பது! புறாவுக்காகத் தன் ஊனை அறுத்தளித்தவன், கன்றுக்காகத் தன் மகனை இழந்தவன், கங்கை நீரைக் கொணர்ந்தவன் எனப் பெரும்பாலும் ஓரிரு தாழிசைகளில் ஒவ்வொருவரும் வந்து மறைகின்றனர்.

ஆயினும் யாம் இங்கே கவலையோடு நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பரணியின் தலைவனாகிய முதற் குலோத்துங்கன் தந்தைவழியில் வேங்கிநாட்டுக் கீழைச் சாளுக்கியன்; கங்கைகொண்ட சோழன் மகள் அம்மங்கைதேவியின் வயிற்றில் பிறந்தவன். 1070-இல் அவன் சோழ அரியணை ஏறுவதற்குச் சற்று முன்னர் அவ்வரியணையில் இருந்தவன் வீரராசேந்திரன் மகன் அதிராசேந்திரன். அவன் பெயரால் பொறித்த கல்வெட்டுக்கள் உள்ளன. செயங்கொண்டாரோ அவன் பெயரைக் கூறவே இல்லை. முன்னிருந்த வேந்தன் விண்ணுலகு எய்தினான், நாட்டில் அறம் நிலைகுலைந்தது, வடதிசை சென்றிருந்த குலோத்துங்கன் மீண்டு வந்து அதனை நிலைநிறுத்தினான் என்று பாடிச் செல்கிறார். ஒரு மன்னன் இருந்த இடம் தாழிசைகளுக்கு இடையே வெற்றிடமாயிற்று. பிற்காலத்தில் குலோத்துங்கன் மகன்மீது விக்கிரமசோழன் உலாவைப் பாடிய ஒட்டக்கூத்தர், இவ்விடத்தில் இடையே காவல் புரிந்தவன் ஒருவன் உண்டு எனப் பெயர் கூறாது குறிப்பிட்டு நகர்கிறார். அவைக்களப் புலவர்க்கு அதுவே பெருந்துணிவு போலும்.

அரண்மனைக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது. நம் குடும்பங்களிலும் அதிராசேந்திரர் பலர் உளர். கடன்பட்டு நிலத்தை விற்றவர், உறவினர் ஒப்பாத மணம் புரிந்து விலக்கப்பட்டவர், கப்பலேறிச் சென்று கடிதம் எழுதாதவர் ஆகியோர் பெயரைக் கேட்டால் முதியோர் பேச்சை மாற்றுவர். ஆராய்ச்சியில் அப்பெயரைக் கண்டெடுத்த மாணவர் பாட்டில் அதனை விழுங்கிவிடுவாராயின், அவர் ஆராய்ந்ததன் பயன் யாது? பரிசில் எதிர்நோக்கிய புலவர்க்கு இருந்த அச்சம் நமக்கு இல்லை. உயிரோடிருப்போர் மனம் புண்படுமாயின் ஒட்டக்கூத்தர் வழியையேனும் பின்பற்றலாம். வெற்றிடமாக விடுதல் தகாது.

பெண்டிர் பெயர் மறைதல் இதனினும் பெரிய குறை. பழைய பத்திரங்களில் இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்ற அளவில் அவர்கள் நின்றுவிடுகின்றனர். பதிகமோ தாயைக் கூறியது. ஆனால் அது மிகச் சுருங்கக் கூறியதால், செங்குட்டுவன் பதிகத்தில் வரும் மணக்கிள்ளி என்பது அவன் தாயின் பெயரா, தாயைப் பெற்ற சோழனின் பெயரா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். பத்திரத்தில் அகப்படாத பாட்டியாரை ஒப்பாரியில் தேடலாம். பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும், அண்ணன் தம்பியரையும் சொல்லி அழும் அப்பாட்டுக்கள் பெண்கள் வாய்மொழியாகக் காத்த குலமுறையேயாம். அவற்றைப் பாடத் தெரிந்த மூதாட்டியர் ஊர்தோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின் முதலில் அவர்களிடம் செல்லுதல் நன்று.

ஆராய்ச்சியில் தடுமாற்றம் தரும் இரண்டினையும் குறிப்பிடுவோம். தமிழ் ஆண்டின் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளும். ஓர் ஓலையில் தாது வருஷம் என்றிருந்தால் அது 1816 ஆகலாம், 1876 ஆகலாம், 1936-ம் ஆகலாம். விதைநெல்லுக்காக நிலத்தை ஈடு வைத்த செய்தி உடனிருப்பின், அது 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சமோ என்று ஐயுற்றுப் பிற சான்றுகளைத் தேடல் வேண்டும். மற்றொன்று, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் மீண்டும் மீண்டும் வருவதால், பாட்டன் செய்ததைப் பேரன்மேல் ஏற்றிவிடுதல் எளிது. ஆராய்ச்சிக்கு இடர் தரும் இதுவே பாட்டுக்கு அணியாகும்; திரும்பத் திரும்ப வரும் அப்பெயரைப் பல்லவிபோல் அமைத்து, ஒவ்வொரு முறையும் வேறொரு மனிதரை அதனுள் நிறுத்தலாம்.

யாப்பைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஒரு சொல். ஊர்ப்பெயர்கள் வெண்பாவுக்கும் இசைவனவே. முத்துக்கருப்பன் என்பதை முத்துக் கருப்பன் எனப் பிரித்தால் தேமா, புளிமா எனத் தளை தட்டாது நிற்கும். இசக்கியம்மாள் கருவிளங்காய்ச் சீராகும். அடுத்த சீர் நேரசையில் தொடங்கினால் போதும். பெயரைச் சிதைத்து வடிவை மாற்றவேண்டிய தேவை அருமையாகவே நேரும். ஆண்டுகளையும் எண்களையும் சீருக்குள் திணிப்பதே ஓசையைக் கெடுக்கும். அவற்றுக்குப் பதிகமே வழிகாட்டுகிறது: பரிசிலின் அளவும் ஆட்சியாண்டும் பாட்டு முடிந்தபின் உரைநடையாகக் கீழே எழுதப்பட்டுள்ளன. நம் மாணவரும் பாட்டின் அடியில் நான்கு வரி உரைநடை எழுதி, எச்செய்தி எந்தப் பத்திரத்தில் கண்டது, எது பாட்டியார் சொன்னது, எது தம் ஊகம் என்று பிரித்துக் காட்டலாம்.