ராக் கச்சேரி டிக்கெட் 20 டாலரா, 5,000 டாலரா? விலையை முடிவு செய்வது யார்?

அமெரிக்காவில் மூத்த ராக் கலைஞர்களின் கச்சேரியைப் பார்க்க எவ்வளவு செலவாகும்? இரண்டு சுற்றுப்பயணங்களை ஒப்பிட்டாலே விஷயம் புரிந்துவிடும்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்: 2022 ஜூலையில் விற்பனை தொடங்கியதும் சில டிக்கெட்டுகள் 5,000 டாலர் வரை எகிறின. காரணம் 'டைனமிக் பிரைசிங்'. விமான டிக்கெட் மாதிரி, கேட்பவர்கள் கூடக் கூட விலையும் ஏறும். சராசரி விலை 262 டாலர்தான் என்றது டிக்கெட்மாஸ்டர். ரசிகர்கள் சமாதானம் ஆகவில்லை. அவருக்காகவே 43 ஆண்டுகள் நடந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' ரசிகர் இதழ், இந்த அதிருப்தியில் 2023-ல் மூடப்பட்டது.

தி கியூர்: 2023-ல் இந்த பிரிட்டிஷ் குழு டைனமிக் பிரைசிங் வேண்டாம் என்றது. டிக்கெட் 20 டாலரில் தொடங்கியது. ஆனால் சில டிக்கெட்டுகளுக்கு சேவைக் கட்டணமே அதைத் தாண்டியது. பாடகர் ராபர்ட் ஸ்மித் தட்டிக்கேட்டதும், மலிவு டிக்கெட்டுக்கு 10 டாலர், மற்றவற்றுக்கு 5 டாலர் திரும்பக் கிடைத்தது.

மேடையில் எப்படி? இருவருமே பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பாடினார்கள். விலையில் இவ்வளவு வித்தியாசம் வந்தது விற்பனை முறையால்தான். பெரிய கலைஞர்கள் நினைத்தால் அதை மறுக்க முடியும்.

டிக்கெட் வாங்குறவங்க, கட்டணம் சேர்த்த மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்க.