கடைத் தரகர் யார் பக்கம்?

மதுரையில் மாட்டுத்தாவணி என்றால் இன்று பஸ் நிலையம். பெயர் மட்டும் மாட்டுச் சந்தையின் பெயர்!

மாட்டுத் தரகரைக் கிராமத்தார் நன்றாக அறிவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார். விற்கிறவரிடம் ஒரு விலை, வாங்குகிறவரிடம் ஒரு விலை. நடுவில் நின்றது எவ்வளவு? அது அவருக்கே வெளிச்சம்.

கடைத் தரகர் துண்டு போடுவதில்லை. செல்போன் வைத்திருக்கிறார். ஆனாலும் அதே கேள்விதான். அவர் யார் பக்கம்?

இரு பக்கமும் தரகு

மேலூர்ப் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் மதுரையில் கடை தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் நகையை அடகு வைத்த பணம் கையில் இருக்கிறது. தரகர் நாலு கடை காட்டுகிறார்.

பேச்சு முடிந்தால் ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்பது வழக்கம். கடை எடுக்கிறவரிடமும் வாங்குவார், கட்டிடக்காரரிடமும் வாங்குவார். வாடகை ஏறினால் தரகும் ஏறும். பிறகு எப்படி அவர் வாடகையைக் குறைத்துப் பேசுவார்?

அமெரிக்காவில் கடை எடுக்கிறவருக்காக மட்டும் பேசுகிற தரகர்கள் உண்டு. அங்கேயும் பெரும்பாலும் கட்டிடக்காரர்தான் பணம் கொடுக்கிறார் என்பது வேடிக்கை!

ஆகவே முதல் நாளே கேட்டுவிட வேண்டும். "அண்ணே, அந்தப் பக்கமும் தரகு உண்டா?" உண்டு என்றால் தவறில்லை. மாத வாடகைக் கணக்கு வேண்டாம், இவ்வளவு ரூபாய் என்று தொகையாகப் பேசிக்கொள்ளலாம். வாடகையைக் குறைத்தாலும் அவருக்கு நஷ்டம் வராது.

ஏன் இத்தனை கிராக்கி?

மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாக வீதிகள். கோவிலில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்பக்கூடாது என்பது விதி. மாடிக்கு மேல் மாடி கட்ட முடியாது. எனவே இருக்கிற கடைக்குத்தான் போட்டி.

நல்ல தரகரின் அருமை இங்கேதான் தெரியும். தெற்கு ஆவணி மூல வீதியில் நகை, கீழ மாசி வீதியில் மளிகை என்று எந்தச் சரக்கு எங்கே ஓடும் என்பது அவருக்கு மனப்பாடம். சித்திரை வீதிகளில் வண்டி போகாது. துணி மூட்டை எப்படி வரும்? மாசி வீதிகளில் தேர் ஓடுகிற அன்று சரக்கு இறக்க முடியுமா? இதைச் சொல்லாமல் வாடகையை மட்டும் சொல்கிறவர் பாதித் தரகர்தான்.

"எல்லாரும் கொடுக்கிறார்கள்"

1960-ம் ஆண்டின் வாடகைச் சட்டம் போய்விட்டது. புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீடானாலும் கடையானாலும் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. ஆனால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும்! "எல்லாரும் பத்து மாதம் கொடுக்கிறார்கள்" என்று தரகர் சொல்லும்போது தலையாட்டினால், அதுவே ஒப்பந்தத்தில் ஏறிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கடையைக் காட்டுகிறவரே வாடகைக்கு இருக்கிறவராக இருக்கலாம். சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாத உள்வாடகை செல்லாது. நகையை அடகு வைத்த பணம் அப்போது யாரிடம் போய்க் கேட்பது?

பத்திரத்தையும் சொத்து வரி ரசீதையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அதுவும் சொந்தக்காரர் பெயருக்கு, பாங்கி மூலமாக. தரகரின் பணம், கடைச் சாவி கைக்கு வந்த பிறகு.