கடல் கடந்து படிக்கும் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை

நம் மலைப்பகுதியிலிருந்தும் இந்நாளில் பிள்ளைகள் சிலர் ஐரோப்பாவுக்குப் படிக்கச் செல்கின்றனர். வங்கிக் கடன், விசா, விமானச் சீட்டு ஆகிய மூன்றும் கைக்கு வந்தவுடன் பாரம் இறங்கிவிட்டதாகப் பெற்றோர் எண்ணுகின்றனர். பின்னர்க் கைப்பேசியில் படங்கள் வரத் தொடங்குகின்றன. ஒரு சனிக்கிழமை பழங்கோட்டை வாயிலில் நிற்கிறான். மறுவாரம் ஆற்றங்கரையில் தோழரோடு அமர்ந்திருக்கிறான். “படிக்கப் போனானா, ஊர் சுற்றப் போனானா?” என்று தந்தையர் கடிந்துகொள்வதை நாமும் கேட்டிருக்கிறோம். அத்தகைய இல்லங்களை எண்ணியே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பிறநாட்டில் தனித்து வாழும் மாணவனுக்கு எது உண்மையான இடர் என்பதை அறிய, நாடறிந்த ஒருவரின் வாழ்வையே பார்க்கலாம். அவர் கணிதமேதை சீனிவாச ராமானுஜன். மெட்ரிகுலேஷன் தேறிய பின் கல்லூரித் தேர்வில் தேறாதவர்; 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தவர். மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வேயில் எழுத்தர் பணி பார்க்கும் எமக்கு அவர்மீது தனியொரு பாசம் உண்டு.

1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறி, ஏப்பிரலில் இங்கிலாந்தை அடைந்தார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை. அதில் 50 பவுன் ஊரிலுள்ள குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. மகன் அனுப்பும் பணத்தின் அருமை தெரிந்த நம் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவருக்கு அறை கிடைத்தது. புலால் உண்ணாதவராதலால் கல்லூரிப் பொது உணவுக்கூடத்துக்குச் செல்லாமல் தம் அறையிலேயே சமைத்துண்டார். விதை நீக்கிய புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் அனுப்புமாறு ஊருக்கு எழுதினார். குளிர் தாங்காமல் மேலங்கியைப் போட்டுக்கொண்டு சால்வை போர்த்திப் படுத்தார். மெத்தையில் இறுகச் செருகி வைத்திருந்த கம்பளங்களுக்குள் நுழைந்து உறங்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிசு. பின்னாளில் புள்ளியியலில் பெரும்புகழ் பெற்றவர் இவரே.

இவ்விருவரும் ஞாயிறு காலைகளில் நெடுந்தொலைவு நடந்து செல்வது வழக்கம். ஒருநாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த வேளையில், ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்த ஒரு புதிரை மகலனோபிசு படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக எண். ஒரு வீட்டின் இடப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல் 500க்குள். அவ்வீட்டின் எண் யாது? விடை 204, மொத்த வீடுகள் 288. ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, இத்தகைய தெருக்கள் அனைத்துக்கும் பொருந்தும் விடையைச் சொல்லிவிட்டார். சட்டியும் அடுப்பும் நண்பனும் இருந்த அந்த வேளையை அவருடைய நல்வேளைகளுள் ஒன்றெனலாம்.

நல்வேளைகள் நீடிக்கவில்லை. 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. காய்கறி அரிதாயிற்று, கடல்வழி அஞ்சலும் ஒழுங்காக வரவில்லை. பொது உணவுக்கூடத்துக்குச் செல்லாதவருக்குப் பிறரோடு அமர்ந்து பேசும் வாய்ப்பும் குறைவு. ஊரில் மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் வீட்டிலேயே தடுக்கப்பட்டு அவரை அடையவில்லை என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். 1917இல் நோயுற்று மருத்துவ இல்லங்களில் கிடந்தார். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், மனம் உடைந்து, லண்டன் சுரங்க ரயில் நிலையமொன்றில் தண்டவாளத்தில் வீழ்ந்தார். அதனைக் கண்ட ரயில்வே ஊழியர் ஒருவர் வண்டியை உடனே நிறுத்தியமையால் உயிர் தப்பினார். அவ்வாண்டிலேயே ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

அறிவிலோ புகழிலோ குறைவில்லாத ஒருவரையே தனிமையும் ஒழுங்கற்ற உணவும் வீட்டுச் செய்தியின்மையும் இவ்வளவு வாட்டினவென்றால், இருபது வயதுப் பிள்ளைகளை என்ன செய்யா? ஆதலால் சனி, ஞாயிற்றுப் பயணத்தை வீண்செலவென்று தள்ளிவிடலாகாது. நம் முன்னோரையே எண்ணிப் பார்ப்போம். வாரம் முழுதும் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் ஞாயிறன்று மூணாறு கடைத்தெருவுக்குப் போவார்கள். சாமான் வாங்குவதோடு, வேறு தோட்டத்து உறவினரைக் கண்டு ஊர்ச்செய்தி பேசித் திரும்புவார்கள். அந்த ஒருநாள் பேச்சே மறுவாரத்து உழைப்புக்கு உரமாயிற்று. பிள்ளை காணும் கோட்டையும் ஆற்றங்கரையும் அத்தகையனவே.

ரயில்வே ஊழியர் என்ற முறையில் சில செய்திகளையும் கூறிவைக்கிறோம். ஜெர்மனியில் 2023 மே மாதத்தில் ‘டாய்ச்லாந்து டிக்கெட்’ என்னும் மாதச் சீட்டு 49 யூரோவுக்கு அறிமுகமாயிற்று. பின்னர் விலை ஏறியது. இச்சீட்டைக் கொண்டு நாடெங்கும் உள்ளூர், வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் செல்லலாம். நெடுந்தூர விரைவு ரயில்களில் செல்லாது. பல பல்கலைக்கழகங்கள் மாணவர்க்கு இதனைக் குறைந்த விலையில் தருகின்றன. சீட்டின்றி ஏறினால் அபராதம் 60 யூரோ. ஆகவே வாரப் பயணங்களுக்குத் தனிச்செலவு பெரிதும் இல்லை. கையில் கட்டுச்சோறு இருந்தாற் போதும். ஞாயிறன்று அந்நாட்டில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அரிசியும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கி வைக்கும்படி பிள்ளைக்குச் சொல்லி அனுப்புக.

ஜெர்மனியில் தங்கும் உரிமம் பெற்ற மாணவர், பிரான்சு, இத்தாலி போன்ற செங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாள் வரை வேறு விசாவின்றித் தங்கலாம். கடவுச்சீட்டும் உரிமமும் உடனிருத்தல் வேண்டும். அயர்லாந்து இவ்வமைப்பில் இல்லை. அங்குப் படிக்கும் நம் பிள்ளைகள் பிரான்சு செல்லத் தனி விசா பெறல் வேண்டும்.

பேசும் நேரத்தையும் குறித்துக்கொள்வோம். மார்ச்சுக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர்க் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி பின்னே இருக்கும். எஞ்சிய மாதங்களில் நாலரை மணி. அங்கே ஞாயிறு காலை ஒன்பதரை எனின், இங்கே கோடையில் பகல் ஒரு மணி, குளிர்காலத்தில் இரண்டு மணி. வீட்டார் பகலுணவுக்குக் கூடும் அவ்வேளையில் அழைத்தால் பாட்டி முதல் பேரர் வரை எல்லோரும் பேசலாம்.

பேசும்போது மதிப்பெண்ணையும் கடன் தவணையையும் சிறிது பின்னுக்குத் தள்ளுவோம். “என்ன சமைத்தாய்? யாரோடு உண்டாய்? இவ்வாரம் எங்கே போனாய்?” என்று முதலில் கேட்போம். “எங்கும் போகவில்லை, யாரும் வரவில்லை” என்னும் விடை வாரந்தோறும் வருமானால், அதனை அடக்கம் என்று மெச்சாமல் உடனே கவனித்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவை நாடச் சொல்லலாம். அருகிலுள்ள தமிழ் நண்பர் ஒருவரைச் சென்று பார்க்கச் சொல்லலாம். கடவுச்சீட்டும் பணமும் கொடுத்து அனுப்பிய நாம், ஞாயிறுதோறும் அரைமணி நேரத்தையும் கொடுப்போமாக.