குழந்தைக்குப் ‘போர்’ என்று பெயர் வைக்கலாமா?

நெருப்பெரிச்சலில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகன் பிறந்த நான்காம் நாள் நம்மிடம் வந்தார். கைப்பேசியில் ஒரு பெயர்ப் பட்டியல். ஸைஃப், காஸி, ஹர்ப், ஹம்ஸா, ஹைதர், ஹாரிஸ்... எல்லாவற்றுக்கும் எதிரே ‘போர்’, ‘வாள்’, ‘வீரன்’ என்றே பொருள் போட்டிருந்தது. “ஹஜ்ரத், நான் சின்ன வயசுல இருந்தே எல்லார்கிட்டயும் அடங்கிப் போனவன். இவன் அப்படி இருக்கக் கூடாது” என்றார். கூட வந்த குழந்தையின் நன்னாவுக்கு வேறு கவலை. “ஸ்கூல்ல, வேலைக்குப் போற இடத்துல இந்தப் பேரைச் சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்களே!”

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நன்னாவின் கவலையை முதலில் பார்ப்போம்.

பெயரில் போரைச் சுமப்பது முஸ்லிம்கள் மட்டுமல்ல. லூயி என்றால் ‘புகழ்பெற்ற போர்வீரன்’. மார்ட்டின் என்பது ரோமர்களின் போர்க்கடவுளான மார்ஸின் பெயரிலிருந்து வந்தது. மெட்டில்டா பெண் பெயர்தான், பொருளோ ‘போரில் வலிமை’. நம் தெரு வேலுச்சாமியின் பெயரில் வேலே இருக்கிறது. ஏன், இந்தப் பகுதியில் நம்மில் பலர் போட்டுக்கொள்ளும் ‘ராவுத்தர்’ என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்றுதான் பொருள். இன்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ராவுத்தரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை!

பெயரை வைத்து ஆளை எடைபோடவும் முடியாது. சேனைத் தலைவனாகப் போற்றப்படும் முருகனின் பெயரைத் தாங்கியவர் திருப்பூர் குமரன். 1932 ஜனவரியில் இதே திருப்பூரின் வீதியில் தடியடிபட்டு, கையிலிருந்த கொடியை விடாமல் விழுந்து உயிர்விட்டார். அவர் அறவழியில் ஊர்வலம் போனவர். போர்க்களத்தில் பெயர் பெற்ற திப்பு சுல்தானுக்கோ, ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற இறைநேசரின் பெயர்.

ஆகவே மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் மட்டும் ஒரு நல்ல பெயரை விடுவதற்குக் காரணமாகாது. ஆனால் தந்தை விரும்பியதையெல்லாம் வைத்துவிடலாமா? இங்கேதான் மார்க்கம் குறுக்கே வருகிறது.

அறியாமைக் கால அரபிகள், எதிரி கேட்டால் நடுங்கட்டும் என்றே பிள்ளைகளுக்குக் கடுமையான பெயர்களை வைத்தார்கள். ஹர்ப் (போர்), முர்ரா (கசப்பு), ஹன்ழலா (பேய்க்குமட்டிக் காய்). அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் தந்தை பெயரே ஹர்ப். பெயர்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவை அப்துல்லாஹ், அப்துர்ரஹ்மான். மிக உண்மையானவை ஹாரிஸ், ஹம்மாம். மிக அருவருப்பானவை ஹர்ப், முர்ரா என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. ஹர்ப் என்ற பெயரை நபி (ஸல்) அவர்கள் ‘ஸில்ம்’ (சமாதானம்) என மாற்றியதாகவும் இமாம் அபூதாவூத் குறிப்பிடுகிறார்கள். அலீ (ரலி) அவர்கள் தம் மகனுக்கு ஹர்ப் என்று வைத்த பெயரே ஹஸன் என மாற்றப்பட்டதாக முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு.

அதே நேரம், சிங்கத்தைக் குறிக்கும் பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றவில்லை. அப்பாஸ் (ரலி) அவர்கள் கடைசிவரை அப்பாஸ்தான். அலீ (ரலி) அவர்களுக்குத் தாயார் இட்ட ஹைதர் என்ற பெயரும் இன்றுவரை வழங்குகிறது. ஹன்ழலா (ரலி) அவர்களின் பெயர்கூட அப்படியே இருந்தது. நமக்குத் தெரிவது இதுதான்: துணிவைச் சொல்லும் பெயருக்குத் தடையில்லை. சண்டையையே ஒரு குழந்தையின் அடையாளமாக்குவதுதான் வெறுக்கப்பட்டது.

ஸைஃப் என்று வைப்பது கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ‘அல்லாஹ்வின் வாள்’ என்பது காலித் (ரலி) அவர்கள் வளர்ந்து, முஃதா களத்தில் படையைக் காத்து மீட்டபின் கிடைத்த சிறப்பு. தொட்டிலில் வைத்த பெயர் காலித்தான்.

முரட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்ட ஒருவரின் செய்தி புகாரியில் வருகிறது. ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனார் பெயர் ஹஸ்ன், அதாவது கரடுமுரடு. ‘ஸஹ்ல்’ (எளிமை) என்று மாற்றிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றார் அவர். அந்தக் கடினம் எங்கள் குடும்பத்தில் அதன்பின் நீங்கவேயில்லை என்று பேரர் பிற்காலத்தில் சொன்னார்கள். இதை வாசித்துக் காட்டியபோது கட்டிங் மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கைப்பேசிப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஹாரிஸுக்கு ‘போர்வீரன்’ என்றிருந்தது. தமிழில் ஒரே மாதிரி எழுதினாலும் அரபியில் ‘ஸா’ எழுத்தில் முடிந்தால் உழுபவர், உழைப்பவர். ‘ஸீன்’ எழுத்தில் முடிந்தால் காவலர். நபிமொழியில் வருவது முதலாவது. (உறுதி கொண்டவர் எனப் பொருள்படும் ஹம்மாமை நம் ஊரில் வைத்தால் பிள்ளைகள் சோப்பைத்தான் நினைப்பார்கள், பாவம்.) பெயரை அரபி எழுத்தில் எழுதி ஆலிம் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரை மட்டும் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். சான்றிதழில் ஏறிய பெயரைப் பிறகு மாற்றுவதுதான் அலைச்சல்.

பட்டியலில் ஹர்பை அவரே அழித்தார். ஹம்ஸாவா, ஹஸனா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அகீகாவுக்கு இரண்டு ஆடுகள் மட்டும் சொல்லிவிட்டார்கள்.